விலங்கியலில் சேருமுன் வந்த ஆடு

மெர்சிலின்,

நீ தூங்கும்போதே வேலூர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். சாமைச் சோறும் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன்.

பின்பக்கம் கட்டியிருப்பது மங்கம்மாள் அத்தையின் ஆடு. இரண்டு நாளாகத் தழையைத் தொடவில்லையாம். நீ விலங்கியல் படிக்கப் போவது அவர் காதுக்கு எட்டிவிட்டது.

"இன்னும் காலேஜே சேரலக்கா" என்றேன்.

"அதுக்கு இன்னா? சும்மா பாக்கட்டும்" என்று கட்டிவிட்டுப் போய்விட்டார்.

"படிச்சிட்டு இன்னா ஆவப் போற?" என்று நேற்று கத்தினேன். "தெரியலப்பா" என்றாய். ஊருக்கு அந்தச் சந்தேகமே இல்லை. உன் காலேஜ் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு டிவி மேல் வைத்திருக்கிறேன்.

அப்பா

பி.கு.: இதை எழுதி முடிப்பதற்குள் ஆடு தானாகவே பலா இலையைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. அத்தை வந்து கேட்டால், நீ பார்த்த பிறகுதான் தின்றது. சரியா?