நிறுத்தச் சொன்ன குரல்

அன்பு மகளுக்கு,

சின்னதாக வீடியோ எடுக்கும் தொழில் தொடங்கலாமா என்று யோசனை கேட்டிருந்தாய். சொந்தமாக எதையும் தொடங்கியறியாத நான், வழக்கம்போலப் பதினோரு சந்தேகங்களை வரிசையாக எழுதினேன். பிறகு உன் வேலையைப் பார்ப்போமென்று, நீ முன்பு வீட்டில் எடுத்த வீடியோவைப் போட்டேன். அம்மா போனபிறகு இதுதான் முதல் தடவை.

துணி மடித்தபடியே சிரிக்கிறாள். "அப்பாகிட்டயா யோசனை கேக்கப் போற? குடை வாங்கவே மழை முடியிற வரைக்கும் யோசிச்ச மனுஷன்டி! இன்னொண்ணு சொல்றேன் கேளு…"

அதற்குள் என் குரல். "போதும், நிறுத்தும்மா. பேட்டரி தீந்துடும்."

நீயும் நிறுத்திவிட்டாய். அந்த இன்னொன்று என்னவென்று இனி யாரைக் கேட்பது?

சந்தேகங்கள் என்னோடே இருக்கட்டும். நீ தொடங்கு. யார் நிறுத்தச் சொன்னாலும், பேசுகிறவர் முடிக்கும்வரை கேமராவை அணைக்காதே.

உன் அப்பா