நரிப்பெண் இன்னும் ஆற்றங்கரையில்தான் நிற்கிறாள்

வேப்பம்பட்டு
ஜூன் 14, ஞாயிறு

அன்பு மகள் சிம்ரனுக்கு அப்பா எழுதுவது. எனக்கு இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, சிவராமன் பெரியப்பா வீட்டிலும் எல்லாரும் சுகம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, காயாத துணியைப் போட்டுக்கொள்ளாமல், சளி பிடிக்காமல் இருக்கிறாயா, அதை முதலில் எழுது. பிளம் பழம் பழுக்கிற நேரத்தில் நான்ஜிங்கில் வாரக்கணக்கில் மழை பிசுபிசுக்கும், அறைச் சுவரே வியர்க்கும் என்று போன வருஷம் அம்மாவிடம் சொன்னாய். இந்த வருஷமும் அப்படித்தானா? போனில் பேசினால் நாம் இருவரும் இரண்டாவது நிமிஷம் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறோம், அதனால்தான் பேப்பரில் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுமையாகப் படி.

படிப்பை நிறுத்துகிற ஃபாரத்தை இருபத்தைந்தாம் தேதிக்குள் கொடுக்கப்போகிறேன், ஊருக்கு வந்து உங்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு இங்கேயே ஏதாவது வேலை பார்க்கிறேன் என்று நீ அனுப்பியிருந்ததைப் பத்து தடவையாவது படித்திருப்பேன் பாப்பா. அதில் இரண்டு வரி என்னைத் தூங்கவிடவில்லை. அம்மாவுக்கு நான் ஒரு பிடி வாய்க்கரிசிகூடப் போடவில்லை என்று ஒரு வரி. இனிமேல் சீனத்தில் எதைப் படித்தாலும் யாரிடம் சொல்லப்போகிறேன் என்று இன்னொரு வரி. இந்த இரண்டுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. ஜனவரியிலிருந்தே இருக்கிறது, நான்தான் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் அழுவாய் என்று நினைத்தேன், அதோடு அப்போது எனக்கே எதுவும் மண்டையில் ஏறவில்லை. அம்மாவுக்குத் தலையில் ரத்தக்குழாய் வெடித்து மூன்றே நாளில் எல்லாம் முடிந்துபோனது. நீ இரண்டு விமானம் மாறி வந்தாலும் முகத்தைப் பார்க்க முடியாது என்று பெரியப்பா உன்னிடம் சொன்னது என் சம்மதத்தோடுதான். அவர் மேல் கோபம் வைக்காதே. அன்றைக்கு நின்று ஓடியாடி எல்லாவற்றையும் பார்த்தவர் அவர்தான்.

நீ அங்கே படிக்கிற சீனக் கதைகளைச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை தோறும் அனுப்பிய குரல் பதிவை அம்மா என்ன செய்வாள் என்று உனக்கு முழுசாகத் தெரியாது. ஞாயிறு சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள், பிறகு ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள், திங்கட்கிழமை காலை ஆறு ஐம்பதுக்கு ஸ்டேஷன் ரோடு முனையில் கம்பெனி வேனில் ஏறியதும் ஆரம்பித்துவிடுவாள். அம்பத்தூர் எஸ்டேட் வந்து சேர்கிற வரை கதைதான். சீனப் பெயர் யார் வாயிலும் நிற்காது என்று கதாநாயகனுக்கெல்லாம் கிஷோர் என்று பெயர் வைத்துவிட்டாள். அந்தக் காலத்தில் பரீட்சை எழுதுகிறவனைச் சின்ன அறையில் மூன்று நாள் அடைத்துவைப்பார்கள், அங்கேயே சமைத்துத் தின்று அங்கேயே தூங்கி எழுதவேண்டும் என்று நீ சொன்னதை இவள் கலெக்டர் பரீட்சை என்று சொல்லியிருக்கிறாள். பழைய கவிஞர்களில் நிறையப் பேர் அரசாங்க அதிகாரிகள், தூர ஊருக்கு மாற்றிப் போட்டதும் பெண்டாட்டியை நினைத்து, சிநேகிதனை நினைத்து, நிலாவைப் பார்த்து எழுதினார்கள் என்றாயே, அதற்கு அம்மா என்னிடம், ‘டிரான்ஸ்பர் போட்டு தண்ணி இல்லாத ஊருக்கு அனுப்ச்சா அழாம இன்னா பண்ணுவான், பாவம், நம்ம பொண்ணும் அப்டித்தான கீது’ என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள். உனக்கு அதைச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். இப்போது சொல்லிவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்த வேன் பெண்கள் பதினாலு பேரும் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார்கள். அம்மாவோடு சட்டையில் நூல் பிசிறு பார்க்கிற செக்ஷனில் இருந்த ஜெகதாம்பாள் அக்காவை உனக்குத் தெரியும், குரல் தெருமுனை வரை கேட்குமே, அவர்தான். படையல் போட்டு இலையில் வடை, கத்திரிக்காய் சாம்பார், அவளுக்குப் பிடித்த ரவா லட்டு எல்லாம் வைத்தாயிற்று. கதவைச் சாத்துகிற நேரத்தில் ஜெகதாம்பாள் அக்கா பந்தல் கீற்றிலிருந்து இரண்டு ஈர்க்கை உருவி, தண்ணீரில் அலசி, இலையில் இருந்த சோற்றில் நேராக நட்டுவிட்டார். பெரியப்பாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ‘இன்னாம்மா இது, படையல்ல போயி வெளக்கமாத்துக் குச்சி சொருவற’ என்று எல்லார் முன்னாலும் கத்தினார். அக்கா அசையவில்லை. ‘சீனாவுல செத்தவங்களுக்குத்தான் சோத்துல குச்சிய இப்டி நிக்க வெப்பாங்களாம், மத்தபடி சாப்புடறப்ப வெச்சா திட்டுவாங்களாம், இவ எங்களுக்கு சொன்னதுதான். பொண்ணு அங்க கீது, வர முடில. அது கையால வெச்சதா இருக்கட்டும். உனுக்கு இன்னா நஷ்டம்?’ என்றார். ஹாஸ்டலில் முதல் நாள் சோற்றுக் கிண்ணத்தில் குச்சியைக் குத்திவைத்து உன் அறைத் தோழியிடம் திட்டு வாங்கினாயே, அதைத்தான் அம்மா வேனில் சொல்லியிருக்கிறாள். காரியம் செய்ய வந்தவர் என்னைப் பார்த்தார், பெரியப்பாவும் என்னைப் பார்த்தார். இருக்கட்டும்ணா என்றேன். கதவைச் சாத்தினோம், திறந்தபோது இரண்டு ஈர்க்கும் சாயாமல் நின்றன. அந்த ஊர் முறைப்படி அது சரியா தப்பா எனக்குத் தெரியாது, நீதான் சொல்லவேண்டும். ஆனால் உன் பங்கு அந்த இலையில் இருந்தது பாப்பா. நீ போடாமல் போகவில்லை. ஜெகதாம்பாள் அக்காவுக்கு நான் இன்னும் வாய்விட்டு நன்றி சொல்லவில்லை.

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டிருந்தாய். மறைக்காமல் சொல்கிறேன். மெஷினில் ஸ்பிண்டில் சுற்றும், டூல் மேலும் கீழும் போகும், ஆனால் இரும்பைத் தொடாது, புரோகிராம் மட்டும் ஓடும், அதை நாங்கள் ஏர் கட்டிங் என்போம். ஐந்து மாசமாக நான் அப்படித்தான். வேலைக்குப் போகிறேன், வருகிறேன், ரசம் வைக்கிறேன், அழுகை வரவில்லை. உனக்கு நாற்பத்திரண்டு வயசுதானே என்று யாராவது இன்னொரு கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறேன். போன மாசம் ஒருநாள் எங்கள் மெஷின் ஷாப்பில் புதுசாக வந்த சீன லேத் நின்றுவிட்டது, ஸ்கிரீனில் சிவப்பாக ஒரு வரி. புதுப் பையன்கள் மூன்று பேர் போனைக் காட்டி மொழிபெயர்க்கப் பார்க்கிறார்கள், வெளிச்சம் அடித்து ஒன்றும் விழவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். ஓர் எழுத்துக்கு இடது பக்கம் மூன்று சொட்டு, வலது பக்கம் ஜன்னல் மாதிரி ஒரு கட்டம், அதன் தலையில் ஒரு குச்சி. மூன்று சொட்டு இருந்தால் தண்ணீர், எண்ணெய் சம்பந்தப்பட்டது என்று நீ அம்மாவுக்குச் சொல்லி, அவள் காலண்டர் ஓரத்தில் எழுதிப் பார்த்தது அதுதான். லூப் ஆயில் டேங்கைத் திறந்தேன், காய்ந்து கிடந்தது. ஊற்றியதும் ஓடியது. சூப்பர்வைசர் தங்கவேல், ‘இன்னா கஜபதி, சீனாக்காரனுக்கு மாமனாரா ஆயிட்டியா, சொல்லவே இல்ல’ என்று கிண்டல் பண்ணினார். ஷாப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, ஜனவரிக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அதற்கு உனக்கு நன்றி. (மாமனார் விஷயம் தமாஷ்தான், அப்படி ஏதாவது இருந்தால் மட்டும் முதலில் என்னிடம் சொல்.)

போன திங்கட்கிழமை என் பைக் பஞ்சர். ஸ்டேஷன் ரோடு முனையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன், அம்மாவுடைய வேன் வந்து நின்றது. ‘ஏறு நைனா, உன் பொண்டாட்டி சீட்டு காலியாத்தான் கீது’ என்றார் ஜெகதாம்பாள் அக்கா. ஐந்து மாசமாக அதில் யாரும் உட்காரவில்லையாம், டிபன் பைகளைத்தான் வைக்கிறார்கள். பைகளை எடுத்து எனக்கு இடம் கொடுத்தார்கள். அப்புறம் அக்கா, ‘அந்த நரிப்பொண்ணு கதி இன்னாச்சு? உங்கூட்டம்மா எங்கள பாதியில உட்டுட்டு பூட்டா’ என்று கேட்டார். முதலில் சுருக்கென்றது. பிறகு பார்த்தால் எல்லார் முகத்திலும் அதே கேள்வி. பாழடைந்த கோயிலில் தங்கிப் படிக்கிற ஏழைக் கிஷோருக்கு ஒரு நரி பெண்ணாக மாறி வந்து சமைத்துப் போட்டு, பூத்தையல் போட்டு விற்றுப் படிக்கவைத்து, அவன் பாஸாகித் தலைநகரம் போய் ஒரு வரி கடிதம்கூடப் போடாமல், இவள் நடந்தே அவனைத் தேடிக் கிளம்பி, ஆற்றங்கரையில் ஓடக்காரனுடைய நாய் நரி வாடையை மோந்து இவளைப் பார்த்துக் குரைக்கிறதே, அந்த இடத்தில் நீ நிறுத்தியிருந்தாய். அடுத்த ஞாயிறு அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள், நீயும் அனுப்பவில்லை. எனக்கு முடிவு தெரியாது. ஆனாலும் பதினாலு பேர் பார்க்கிறார்களே என்று, ஓடக்காரன் நாயைக் கட்டிப்போட்டான், அவள் அக்கரை போனாள், கிஷோர் மன்னிப்புக் கேட்டான், சுகமாக இருந்தார்கள் என்று முடித்துவிட்டேன்.

யாரும் நம்பவில்லை. ‘இது உன் கதை நைனா, அந்தப் பொண்ணு சொல்ற கதையில யாரும் சும்மா சந்தோசமா ஆவ மாட்டாங்க, எதையாவது ஒண்ண உட்டுத்தான் ஆவணும்’ என்றார் அக்கா. அம்மாவுக்குப் பின்சீட்டில் உட்காரும் பவித்ரா, ‘நாயாவது பேயாவது, அவ நரியாவே நீஞ்சிக்கினு போயி அவன் மூஞ்சில காறித் துப்பிட்டு வரட்டும்கா’ என்றாள். இன்னொருத்தி, நரியாக மாறிவிட்டால் பெண் உருவம் திரும்ப வராதே, அதற்கு என்ன பண்ணுவாய் என்று சண்டைக்கு வந்தாள். டிரைவர் பால்ராஜ், ‘எனுக்கும் கேக்கற மாரி கத்துங்க, நானும்தான் அஞ்சு மாசமா குந்திகினு கீறேன்’ என்று ரேடியோவை அணைத்தார். ஆவடி தாண்டுகிற வரை அந்த நரிக்காக ஒரே சண்டை. அவர்களில் பாதிப் பேர் பத்தாவதுகூடத் தாண்டாதவர்கள். நீ அங்கே படிக்கிறது இங்கே இப்படி ஒரு வேனுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மா தினமும் களைத்துப்போய் வந்தாலும் முகம் மட்டும் தெளிவாக இருக்குமே, அது எங்கிருந்து வந்தது என்றும் தெரிந்தது. அவளுக்கு அப்படி இரண்டரை வருஷம் கொடுத்தவள் நீ.

அதனால் யாரிடம் சொல்வேன் என்று இனி எழுதாதே. சமையலுக்காக வராதே, எனக்குச் சாம்பாரும் வரும், சப்பாத்திதான் இன்னும் வட்டமாக வரவில்லை. உனக்கு அந்தப் படிப்பே பிடிக்கவில்லை, அங்கே இருக்கவே முடியவில்லை என்றால் அது வேறு, ஒரு வார்த்தை சொல், டிக்கெட் நான் போடுகிறேன், ஏன் என்று கேட்கமாட்டேன். ஆனால் எனக்காக என்றால் அந்த ஃபாரத்தில் கையெழுத்துப் போடாதே. எனக்காகச் செய்வதாக இருந்தால் வேறு ஒன்று செய். அந்த ஓடக்காரன் என்ன செய்தான் என்று சொல்லி ஒரு பதிவு அனுப்பு. நோட்டைப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது, உன் குரலையே வேனில் போட்டுவிடுகிறேன் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். உன் குரலில் அவள் குரல் பாதி இருக்கிறது, அதைக் கேட்டால் அத்தனை பேர் நடுவில் அழுதுவிடுவேனோ என்று இத்தனை நாள் பயமாக இருந்தது. இப்போது அழுதால் பரவாயில்லை என்று இருக்கிறது.

குடையை ரூமிலேயே விட்டுவிட்டுப் போகாதே. லீவுக்கு ஆகஸ்டில் வா. நீ நன்றாக இருக்கவேண்டும், நினைத்த படிப்பை முடித்து நெஞ்சு நிமிர்ந்து நடக்கவேண்டும், அம்மா உன் கூடவே இருப்பாள்.

உன் அப்பா
கஜபதி