பின்மூடியைத் திறந்து பார்க்கணும்

மார்ச் 3, செவ்வாய்
இந்த மாதக் கடைசியோடு இவர் பஸ் ஓட்டுவது முடிகிறது. முப்பத்தொரு வருஷம். கடைசி நாளில் கையில் ஒரு நல்ல வாட்ச் வேண்டுமாம், அதுவும் பெரிய வெளிநாட்டுக் கம்பெனி வாட்ச்தான். புதிதாக வாங்க நமக்குக் கட்டுப்படியாகாது. ஹாரன் தன்னிடம் உள்ளதைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்றிருக்கிறார். அதே டிப்போவில் ஓட்டுபவர், இவருக்கு உயிர்ச் சிநேகிதர். குரலால் வந்த பெயர். இறந்துபோன அவருடைய அண்ணன் கொடுத்த வாட்ச், கட்டவே பயந்து பெட்டியில் வைத்திருந்தாராம்.

சோதித்துவிட்டு வாங்கலாம் என்றேன். இவர் முகம் தொங்கிப்போனது.

மார்ச் 4
“அவனையே சந்தேகப்படறியா?”

ஆளை இல்லை, வாட்சை என்றேன். நாள் முழுக்கப் பொய்ப்பல் செய்கிறவள் நான். அசல் மாதிரி காட்டுவதுதான் என் பிழைப்பு. போலி எங்கே வழுக்கும் என்று எனக்குத் தெரியாதா?

மார்ச் 6
ஹாரனே கொண்டுவந்து கொடுத்தார். நிதானமாகப் பார்க்கச் சொன்னார், வருத்தமாகத் தெரியவில்லை.

லேபிலிருந்து லென்ஸை எடுத்து வந்திருந்தேன். நொடி முள் தாவவில்லை, அசலில் போலவே வழுக்கிக்கொண்டு போகிறது. எழுத்துகளின் ஓரம் சுத்தம். தேதி அதன் கட்டத்துக்கு நட்டநடுவில். வாட்சோடு வந்த காகிதத்திலுள்ள எண்ணும் வாட்சில் செதுக்கிய எண்ணும் ஒன்றே. கையில் வைத்தால் நல்ல கனம்.

இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, “என்ன டாக்டரம்மா, நோயாளி பிழைச்சுக்குவாரா?” என்கிறார்.

மார்ச் 7
எல்லாம் சரி. ஆனால் உள்ளே பார்க்கவில்லையே?

பல்செட்டில் சிரித்தால் தெரிகிற பக்கத்தை எவனும் ஒழுங்காகச் செய்துவிடுவான். ஈறில் உட்காருகிற பக்கத்தைத் திருப்பினால்தான் செய்தவன் வண்டவாளம் தெரியும். பின்மூடியைத் திறக்காமல் வாங்குவதில்லை. சொல்லிவிட்டேன். இவர் சாப்பிடாமல் எழுந்து போனார். போகட்டும்.

மார்ச் 9
ஹாரனிடம் நானே கேட்டேன். திறந்தால் என்ன, நானும் வருகிறேன் என்றார். மூவரும் வாட்ச் ரிப்பேர்காரரிடம் போனோம்.

மூடியைக் கழற்றியவர் உள்ளே குனிந்து பார்த்தார். பிறகு லென்ஸை என்னிடம் நீட்டினார். சக்கர விளிம்பெல்லாம் பிசிறு. கம்பெனி பெயரைச் செதுக்கவே இல்லை, மேலோடு அச்சடித்திருக்கிறது. “சட்டை பிரமாதம். உள்ள இருக்கிற ஆள் வேறம்மா,” என்றார்.

ஹாரன் வாட்சை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

மார்ச் 10
ஹாரன் போனை எடுக்கவில்லை. இவர் என்னோடு பேசவில்லை.

மார்ச் 12
இன்று இவர் வாய் திறந்தார். “செத்தவன் கொடுத்ததைப் போலின்னு நிரூபிச்சிட்டே. சந்தோஷமா?”

சந்தோஷமா எனக்கு? வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமோ? இருந்திருந்தா — என்னைக்காவது வாட்ச் நின்னுபோய் சர்வீஸுக்குப் போகும், அன்னைக்கு இவர் என்ன நினைப்பார்? ஹாரன் ஏமாத்திட்டான்னுதானே? அவர் காதுக்கே அது போயிருந்தா?

இல்லை. செய்தது சரி. ஆனால் பாதியில் விட்டது தப்பு. நாளைக்கு நேரில் போய்ப் பேசணும்.

மார்ச் 13
வேலை முடிந்து நேராக ஹாரன் வீட்டுக்குப் போனேன். அவரே கதவைத் திறந்தார். கோபம் இல்லை. அவரை அரித்தது வேறு.

“எங்க அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்குமா, தங்கச்சி? தெரிஞ்சேதான் கொடுத்தாரா?”

ஆறுதலுக்காகப் பொய் சொல்ல எனக்கு வராது. யோசித்தேன். பொய் தேவைப்படவில்லை.

“ரெண்டு நாள் லென்ஸ் வச்சுப் பார்த்தேன், எனக்கே தெரியலைண்ணே. வெறும் கண்ணால பார்த்தவருக்கு எப்படித் தெரியும்? அவரையும் யாரோ ஏமாத்தியிருக்கணும்.”

உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்தார். டீ போட்டுத் தந்தார். சர்க்கரை அநியாயம். முழுக்கக் குடித்தேன்.

மார்ச் 22
இவர் கடைக்குப் போய்ப் புதிதாக ஒரு சாதாரண வாட்ச் வாங்கி வந்தார். என்னிடம் நீட்டி, “பார்த்துச் சொல்லு,” என்றார். பத்து நாளில் இதுதான் முதல் சிரிப்பு.

மார்ச் 31
டிப்போவில் இவருக்கு மாலை போட்டார்கள். ஹாரன் கடைசி வரிசைவரை கேட்கும்படி பேசினார், மைக் இல்லாமலே. கையை வீசிப் பேசும்போதுதான் பார்த்தேன், மணிக்கட்டில் அந்த வாட்ச்.

மேடையைவிட்டுக் கீழே வந்ததும் ஒரு கண்டக்டர் அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, இது அசலா என்று கேட்டார்.

“எங்க அண்ணன் கொடுத்தது,” என்றார் ஹாரன்.