தழல் ஜெயித்ததும் சொல்வது

மார்ச் 6, வியாழன்

பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அது பேசுவதைவிட மோசமாம். தொண்டை டாக்டரம்மா கட்டியை எடுத்த கையோடு கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "நான் மறுபடி பார்க்கிற வரைக்கும் மூச்சு மட்டும்தான் வெளிய வரணும். சிரிப்பு வந்தாக்கூட வாயை மூடிட்டு சிரிங்க."

யாரிடம் சொல்கிறார்? வாயை வைத்தே பிழைக்கிறவளிடம். டப்பிங்கில் பேசினால் காசு, வீட்டில் பேசுவதற்குக் காசு கிடையாது. குரல் பழையபடி வருமா என்று கேட்டதற்கு, "வரும். பழையபடியான்னு இப்ப சொல்ல முடியாது" என்றார். 

இவர் ஒரு சிலேட்டு வாங்கி வந்திருக்கிறார். "வீடு எவ்வளவு அமைதியா இருக்கு பாரு" என்று கிண்டல் வேறு. அப்புறம் சமையலறைக்குப் போய், ஒரு வேலையும் இல்லாமல் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தார். பார்த்தேன். பாவம்.

மார்ச் 7, வெள்ளி

சிலேட்டில் சண்டை போட முடியவில்லை. எழுதி முடிப்பதற்குள் கோபம் போய்விடுகிறது.

மார்ச் 9, ஞாயிறு

நாத்தனார் வந்தாள். பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். மற்ற நேரமெல்லாம் வீடியோ கேம். கேம்களை விளையாடிப் பார்த்து, தேறுமா தேறாதா என்று இணையத்தில் மார்க் போட்டு எழுதுவாள். கையில் அவளுடைய கேம் பெட்டி.

"அண்ணி, உங்க கேம் வந்துடுச்சு."

என் கேம். சூப்பர்ஹீரோக்கள் ஒருவரையொருவர் அடித்து நொறுக்கும் கேம். அதில் தழல் என்கிற நெருப்புக்காரிக்குத் தமிழ்க் குரல் நான்தான். கதையெல்லாம் சொல்ல மாட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு சவுண்ட் இன்ஜினியர் தம்பி அடியை மட்டும் சொல்வான். "அக்கா, இப்ப வயித்துல ஒரு குத்து... இப்ப மாடியிலேர்ந்து விழறீங்க... இப்ப செத்துட்டீங்க. இன்னொரு தடவை சாகுங்க, கொஞ்சம் நீளமா." நாள் பூராவும் செத்தேன். கடைசியாகத் தழல் ஜெயித்ததும் சொல்ல வேண்டிய வசனம்: "அநீதியின் ஆட்டம் இன்றோடு முடிந்தது!" அதைச் சொன்னபோதுதான் தொண்டைக்குள் ஏதோ கிழிந்த மாதிரி இருந்தது. மறுநாள் எழுந்தால் குரல் பாதி இல்லை.

ஆக, என் நல்ல குரலில் நான் பேசிய கடைசி வசனம் இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. கேட்கணும் போல இருக்கிறது. கேட்கப் பயமாகவும் இருக்கிறது.

"நான் அஞ்சு நிமிஷத்துல ஜெயிச்சுக் காட்டறேன், கேளுங்க" என்றாள். சிலேட்டில் எழுதினேன்: தொடாதே. நானே ஜெயிக்கிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

எதிரி பாறையன் என்கிற மலைமாடு. ஒரு குத்து விட்டால் நான் சுவரில் அப்பிக்கொள்கிறேன். காலையிலிருந்து என் சாவுக்குரலையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நன்றாகத்தான் செத்திருக்கிறேன், குறை சொல்வதற்கில்லை.

ஆனால் இந்தக் கேமா? ஆளை அடிக்க வேண்டியது, அடி வாங்க வேண்டியது, மறுபடி எழுந்து நிற்க வேண்டியது. இதில் என்ன இருக்கிறது? இதற்கா என் தொண்டையைக் கொடுத்தேன்? நாத்தனார் மார்க் போடட்டும். என்னைக் கேட்டால் முட்டைதான்.

மார்ச் 13, வியாழன்

இவருக்கு டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிற வேலை. பக்கத்தில் உட்கார்ந்து நான் விளையாடுவதைப் பார்த்தால், பாறையன் வரும்போதெல்லாம் இவருடைய வலது கால் தரையில் பிரேக்கை மிதிக்கிறது. "அவசரப்படாத. அவன் கையை ஓங்கறான் பாரு, அப்ப ஒதுங்கு. ஓங்கின கை இறங்கினப்புறம்தான் நீ போகணும்." வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களிடம் பேசுகிற அதே குரல். கல்யாணமான புதிதில் எனக்கும் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். அன்றைக்கு நான் பேசிய பேச்சில் வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு இறங்கிப் போனார். இன்று பதில் பேச வழியில்லாததால் சொன்னதைக் கேட்டேன்.

ஒதுங்கினேன். பாறையனின் கை காற்றில் போனது. இவர் என் தோளைத் தட்டினார். சும்மா சொல்லக் கூடாது, சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

ஜெயித்துவிட்டேன். ஆனால் –

முதலில் நடந்ததை எழுதுகிறேன். பாறையன் சரிந்தான். ஊரே புகை. தழல் இடுப்பில் கை வைத்து வானத்தைப் பார்க்கிறாள், பின்னால் முரசு முழங்குகிறது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தழல் வாயைத் திறந்து, என் சொந்தக் குரலில், அலுத்துப்போய்க் கேட்டாள்:

"முடிஞ்சுதா? வீட்டுக்குப் போலாமா?"

அது வசனமே இல்லை. தினமும் வேலை முடிந்ததும் மைக்கை விட்டு நகராமலேயே நான் இன்ஜினியர் தம்பியைக் கேட்பது. அன்றைக்கு ரெக்கார்டிங்கை நிறுத்த மறந்திருக்கிறான். அப்புறம் 'அநீதியின் ஆட்டம்' வசனம் இருக்கிற துண்டுக்குப் பதிலாக இதைத் தூக்கி வைத்துவிட்டிருக்கிறான்.

இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவிலிருந்து சரிந்தார். எனக்கும் சிரிப்பு பீறிட்டு வந்தது. வாயைப் பொத்தினேன். பொத்துவதற்குள் சத்தம் வந்துவிட்டது. கரகரவென்று ஒரு சத்தம், என்னுடையதே இல்லாத மாதிரி.

இவர் சிரிப்பு அப்படியே நின்றது. "வலிக்குதா?" தலையாட்டினேன், இல்லையென்று.

ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன். தையல் கிழிஞ்சிருந்தா? இவ்வளவு நாள் வாயைக் கட்டி வச்சது வீணாப் போச்சுன்னா? ஒரு கேமுக்காகவா?

மார்ச் 15, சனி

தம்பியிடமிருந்து செய்தி: "அக்கா, தப்பு என் மேலதான். கம்பெனில கோபமா இருக்காங்க. உடம்பு தேறினதும் அந்த ஒரு வரியை மறுபடி பேசித் தாங்க. குரல் சேரலைன்னா தழலை முழுசா வேற ஆளை வச்சு மாத்திடுவாங்களாம். மன்னிச்சுடுங்க."

அவனைத் திட்ட வரவில்லை. மறந்தது அவன், மைக் முன்னால் நின்று வாயாடியது நான்.

தழலை எடுத்துவிடுவார்களா? முட்டை மார்க் போட்டவளுக்கு அதைப் பற்றி என்ன கவலை?

மார்ச் 16, ஞாயிறு

நாத்தனார் எழுதியதைக் காட்டினாள். சண்டை பழசு, கதை சுமார், பாறையன் நகர்வதற்குள் தூக்கம் வந்துவிடும் என்று வெளுத்து வாங்கியிருக்கிறாள். கடைசியில் மட்டும்: "ஆனால் உலகத்தைக் காப்பாற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாமா என்று கேட்கிற ஒரே ஹீரோ இவள்தான். இதற்காக ஒரு தடவை விளையாடலாம்." அதற்குக் கீழே முகம் தெரியாத யார் யாரோ ஆமாம் போட்டிருக்கிறார்கள். வேலை முடிந்து கிளம்பும்போது அலுவலகத்தில் இப்போதெல்லாம் இதையே சொல்வதாக ஒருத்தி எழுதியிருக்கிறாள். மாற்றாதீர்கள் என்று கம்பெனிக்கே எழுதுகிறார்களாம்.

"அண்ணிங்கறதுக்காக ஒண்ணும் புகழல. தோணினதைத்தான் எழுதினேன்" என்றாள். நம்புகிறேன். இவள் என் சமையலுக்கே பொய் சொன்னதில்லை.

என் மார்க்கையும் எழுதி வைக்கிறேன். கேம் சுமார்தான். ஆனால் நான் ஊமையாக உட்கார்ந்திருந்த வீட்டில் அது என் குரலை வைத்திருந்தது. இவரைப் பக்கத்தில் உட்கார வைத்தது. அடி வாங்கினால் எழுந்து நிற்கத் திரும்பத் திரும்ப ஒரு வாய்ப்புக் கொடுத்தது. முட்டையை அழித்துவிட்டேன். பாசாகட்டும்.

தொண்டையை நினைத்தால்தான் பக்கென்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

டாக்டரம்மா குழாயை விட்டுப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சிரித்ததைச் சிலேட்டில் எழுதி முன்பே நீட்டியிருந்தேன், திட்டட்டும் என்று.

"ஒரு சிரிப்புக்கெல்லாம் ஒண்ணும் ஆகல. அழகா ஆறியிருக்கு. குரல் கொஞ்சம் இறங்கித்தான் வரும். இனிமே சண்டைக் கத்தல் மட்டும் வேண்டாம். எங்க, ஏதாவது சொல்லுங்க."

முதல் வார்த்தை என்னவென்று யோசித்து வைத்திருந்தேன். டாக்டரம்மாவுக்கு நன்றி சொல்வது. இவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது. எல்லாம் மறந்துபோனது. இவர் என் செருப்பை எடுத்து என் காலருகே வைத்துக்கொண்டிருந்தார். வாய் தானாகத் திறந்தது.

"முடிஞ்சுதா? வீட்டுக்குப் போலாமா?"

தடித்த குரல். அடியில் கொஞ்சம் மணல். யாரோ மாதிரியும் இருந்தது, நான்தான் என்றும் தெரிந்தது. இவர் குனிந்தபடியே இருந்தார். என் செருப்பின் வாரை இழுத்துச் சரிசெய்தார்.

"போலாம்" என்றார்.

வண்டியில் வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை, இரண்டு பேரும். பேச முடியும் என்பதே போதுமாக இருந்தது.

ஏப்ரல் 28, திங்கள்

ஸ்டுடியோ. தழலை மாற்றவில்லை, அந்த வரியும் அப்படியே இருக்கட்டும் என்று கம்பெனி விட்டுவிட்டது. அடுத்த பாகத்தில் பாறையனுக்கு ஒரு அக்கா வருகிறாள். கத்த மாட்டாள், அடிக்குரலில் மிரட்டுவாள். அந்த அக்கா நான். பழைய குரலுக்கு இந்த வேடம் கிடைத்திருக்காது.

எல்லா வசனமும் முடிந்ததும் பழக்க தோஷத்தில் மைக் முன்னாலேயே வீட்டுக்குப் போலாமா என்று கேட்டுவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். இந்தத் தடவை ரெக்கார்டிங்கை முதலிலேயே நிறுத்திவிட்டானாம்.

"ரெக்கார்டிங்கைப் போடு, இன்னொரு தடவை சொல்றேன், எடுத்துக்கோ" என்றேன்.