தூக்குவாளியில் பழத்தோசை

பசுவந்தனை
4.5.2025, ஞாயிறு மாலை

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

மருமகள் செல்வமாரி எழுதுவது. வீட்டில் ஆளும் மாடும் சுகம். காப்புக் கட்டியதும் நீங்கள் போனை அத்தையிடம் கொடுத்துவிட்டுக் கோயிலில் தங்கிவிட்டீர்கள். போன் இருந்தாலும் நான் பேசியிருக்க மாட்டேன். கல்யாணமாகி எட்டு மாதத்தில் உங்கள் முன்னால் நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை. அதனால்தான் அத்தை கொண்டுவரும் தூக்குவாளிக்குள் இந்தக் காகிதம். அத்தைக்கு வாசிக்கத் தெரியாது என்ற தைரியத்தில் வைக்கிறேன். அதுவே வெட்கமாக இருக்கிறது.

நேற்று விளக்குப் பூசைக்கு வந்தபோது, தண்ணீர்ச் செம்பை வாங்கிய உங்கள் கை நடுங்கியதைப் பார்த்தேன். வெறும் பாலும் பழமும் எப்படித் தாங்கும் என்று நினைத்தேன். பூசைப் பழம் ஒரு சீப்பு தோல் கறுத்துக் கிடந்தது. சைவம்தானே என்று, கோவில்பட்டியில் வாங்கி வைத்திருந்த பேன்கேக் மாவில் அதைப் பிசைந்து, பால் விட்டு, தோசைக்கல்லில் நெய் தடவி உள்ளங்கை அளவுக்குச் சுட்டு இன்று காலையில் அனுப்பினேன். மூன்று தின்றுவிட்டு, நாளைக்கும் இந்தப் பழத்தோசையே வேண்டும் என்று சொல்லிவிட்டீர்களாம். அத்தைக்கு ஒரே பெருமை.

சாயங்காலம் மீதி மாவை மடித்து வைக்கும்போதுதான் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஓரத்தில் அசைவத்துக்குப் போடுகிற பழுப்பு முக்கோணம். பொடி எழுத்தில் முட்டைப் பொடி என்று இருந்தது.

விரதத்தில் இருக்கும் சாமியாடிக்கு முட்டை கொடுத்துவிட்டேன், மாமா. வெள்ளிக்கிழமை கோயில் திருவிழாவின் மத்தியானக் கொடையில் கொதிக்கிற மஞ்சள் தண்ணீரில் கமுகம்பூப்பாளைக் கொத்தை முக்கி மேலில் அடித்துக்கொள்வீர்கள். விரதம் பிசகியவரை அந்தத் தண்ணீர் பொசுக்கிவிடும் என்று அத்தை சொல்லியிருக்கிறார். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தப்புச் செய்த மருமகள்
செல்வமாரி

கோயில்
5.5.2025

செல்வமாரிக்கு,

மாமா எழுதுதேன். உன் காகிதத்தை நாலு தரம் வாசிச்சேன். நீ சொல்லாம இருந்திருந்தா குத்தம் உன்னோட போயிருக்கும். இப்ப என் கையில குடுத்திட்ட.

பி.எஸ்சி. படிச்ச மருமகள்னு ஊரெல்லாம் சொன்னேன். ஒரு பாக்கெட்டைத் திருப்பிப் பாக்கக் கூடாதா?

கோயில் தலைவர் கொம்பையா அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா கொடையையே நிறுத்திருவாவ. உன் பேரு ஊர் வாயில விழும். மூச்சு விடாத. உன் அத்தைகிட்டயும்தான். வெள்ளிக்கிழமை நான் பாளை எடுக்கத்தான் போறேன். இருபத்திரண்டு வருஷமா எடுக்கேன்.

இனிமே பழம் மட்டும் அனுப்பு. உரிக்கக்கூட வேண்டாம்.

சங்கரபாண்டி

பசுவந்தனை
6.5.2025

மாமாவுக்கு,

ஆறு பழம் வைத்திருக்கிறேன். உரிக்கவில்லை.

கோபப்பட்டாலும் ஒன்று கேட்க வேண்டும். விளக்குப் பூசையன்று சட்டையில்லாமல் நின்றீர்கள். முதுகில் இடது தோளுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெளுத்து வழவழவென்று இருந்தது. அது போன வருஷக் கொடையில் ஆனதா? போன வருஷம் உங்களுக்கு யாரும் முட்டை கொடுக்கவில்லையே.

பாளையை எடுக்காதீர்கள். எடுத்தால் அந்த இடத்திலேயே கத்திவிடுவேன் என்று எழுத நினைத்தேன். ஆனால் எனக்குக் கத்த வராது. அதுதான் பயமாக இருக்கிறது.

அத்தை தூக்குவாளியைக் கழுவும்போது உள்ளே தடவிப் பார்க்கிறார்.

செல்வமாரி

மோட்டார் ரூம், கிணத்தடி
8.5.2025

செல்வமாரிக்கு,

ரெண்டு நாளா உனக்குப் பதில் எழுதாம இருந்தேன். நீ பாத்தது போன வருஷக் கொடையில கொப்புளமாப் பொத்ததுதான். விரதம் சுத்தமாத்தான் இருந்தேன். ஏன் பொத்துச்சுன்னு ஒரு வருஷமா யோசிக்கேன். உன் அத்தையைத் தவிர ஒருத்தருக்கும் காட்டல.

செம்பை வாங்கும்போது கை நடுங்குனது பசியால இல்ல. அந்தக் கொதிக்கிற பானையை நினைச்சு. சாமியாடி பயமா இருக்குன்னு யாருகிட்டச் சொல்ல?

இன்னைக்கு அண்ணாச்சிகிட்டச் சொல்லிட்டேன். பசி தாங்காம டீக்கடையில முட்டை போட்ட கேக்கு தின்னுட்டேன்னு சொன்னேன். காப்பை அவுத்துட்டாவ. என்கூடக் காப்புக் கட்டின தம்பி மகன் பேச்சிராஜா பாளை எடுப்பான். வீட்டுக்கு வர முகமில்ல. பேச்சு அடங்குற வரைக்கும் வயல்லயே கிடக்கேன்.

உன் பேரு இதுல வரக் கூடாது. இது மாமா உத்தரவு.

சங்கரபாண்டி

பசுவந்தனை
10.5.2025, சனி காலை

மாமாவுக்கு,

நேற்று கொடை நடந்தது. பேச்சிராஜாவுக்குக் கையில் இரண்டு இடத்தில் கொப்புளம் பொத்துவிட்டது. அவன் விரதத்தை யாரும் குறை சொல்லவில்லை. குறை எல்லாம் உங்களுக்குத்தான். பொங்கல் அடுப்புப் பக்கம் நின்று கொம்பையா மாமா, "சங்கரபாண்டிக்குச் சாமி வரணும்னா இனி டீக்கடை கேக்கைத்தான் படைக்கணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஓசூரிலிருந்து கொடைக்கென்று வந்த உங்கள் மகன் தலையைக் குனிந்துகொண்டார். நான் பக்கத்தில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். உங்கள் உத்தரவை மீறவில்லை.

இன்று விடிந்ததும் அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடுப்பைக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, இத்தன நாளும் நான் சுமந்துட்டுப் போனது இதத்தானா?" என்றார்.

திட்டுவார் என்று நின்றேன். அவர் பழத்தை எடுத்துப் பிசைய ஆரம்பித்தார். பிசைந்துகொண்டே சொன்னார்: "அந்த மனுசன் முதுகுக்கு மூணு மாசம் எண்ணெய் போட்டவ நான். இனி நான் தூக்கிட்டுப் போக மாட்டேன். நீயே கொண்டுபோ. போற வழியில சொல்ல வேண்டிய இடத்துல சொல்லிட்டுப் போ."

வாளியில் இருப்பது அதே பலகாரம்தான். கோதுமை மாவு, பால், பழம், ஒரு சிட்டிகை உப்பு. முதல் இரண்டு கருகிவிட்டன. அவற்றை நானும் அத்தையும் தின்றோம்.

இதை நீங்கள் வாசிக்கும்போது நான் கொம்பையா மாமா வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்திருப்பேன். குரல் வராவிட்டால் பாக்கெட்டை நீட்டிப் பின்பக்கத்தைக் காட்டுவேன். அதை மடியில் வைத்திருக்கிறேன்.

மோட்டார் ரூம் வாசலில்தான் நிற்பேன். "மாமா, சாப்பிடுங்க" என்று நான் சொன்னால், அதற்குப் பதிலைக் காகிதத்தில் எழுத வேண்டாம்.

செல்வமாரி