மதிஸ் மாம்

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

மதிக்குட்டிக்கு,

உன் போன் ரிப்பேராக இருக்கும்போல. அதனால் கடிதம்.

நீ படித்த கத்தோலிக்கப் பள்ளியில் இந்தத் தவக்கால வெள்ளிக்கிழமை மீன் விருந்திலும் எலுமிச்சை சாதம் பரிமாறினேன். மீன் வறுவல் மேஜைக்குப் பக்கத்தில்தான் எனக்கு இடம், என் சைவ மூக்குக்கும் பழகிவிட்டது. "அவ காலேஜே முடிச்சிட்டா, இன்னும் ஏன் அங்க வாலன்டியர் பண்றே?" என்று அப்பா கேட்கிறார். எனக்கே தெரியவில்லை. அங்கே மட்டும்தான் என்னை இன்னும் 'மதிஸ் மாம்' என்று கூப்பிடுகிறார்கள்.

பிரின்சிபல் சிஸ்டர் என் கையைப் பிடித்து, மதிக்காக என்ன வேண்டிக்கொள்ளட்டும் என்று கேட்டார். எதைச் சொல்வது, நீ வீட்டுக்கு வரவேண்டும் என்றா, வராவிட்டாலும் நிம்மதியாக இருக்கவேண்டும் என்றா? குழப்பத்தில், "ஷி இஸ் ஃபைன், சிஸ்டர்" என்று சொல்லிவிட்டேன்.

மாதா சிலைக்கு முன்னால் நின்று சொன்னேன். பொய்யில்லைதானே, கண்ணு?

அம்மா