தலைச்சுமைக்கும் மேலே

மார்ச் 4, செவ்வாய்
கென்யாக் கிராமத்து மகளிர் குழுவோடு இன்று வீடியோவில் பேசினோம். அவர்கள் வயலில் சோலார் தகடுகளை உயர்த்தி நிறுத்தி, கீழே கீரையும் அவரையும் பயிரிடுவதுதான் திட்டம். மின்சாரம் கிணற்றுப் பம்புக்கு. குழுத் தலைவி அச்சியெங் போனைப் பிடித்தபடி வயலைச் சுற்றிக் காட்டினார். பின்னால் பெண்கள் வரிசையாகப் போனார்கள். எல்லார் தலையிலும் சாமான் நிறைந்த பெரிய பேசின்.

தகடுகளைத் தாங்க நான் வரைந்த கம்பம் இரண்டு மீற்றர். ஆள் போகலாம். தலையில் இருக்கும் பேசின்? இது எப்படி எனக்குத் தோன்றாமல் போனது? காருக்குள் சாமான் ஏற்றிப் பழகிய மூளை, வேறென்ன.

மார்ச் 6, வியாழன்
மூன்று மீற்றராக மாற்றி வரைந்து ஜூலியன் அண்ணையிடம் கொண்டுபோனேன். நான் வேலை செய்யும் சோலார் கம்பனி அவருடையது. காற்றுப் பிடிக்கும், இரும்பு கூடும் என்று இழுத்தார்.

"தலையில வைக்காமல் கையில கொண்டுபோகச் சொல்லும்."

அப்படியென்றால் என் எஞ்சினியர் முத்திரை விழாது என்றேன். அது இல்லாமல் வேலை தொடங்க முடியாது. அவருக்குக் கோபம். கம்பத்தை முழங்கால் உயரத்துக்கு இறக்குவோம், பயிரே வேண்டாம், கரண்ட் வந்தால் போதும் என்றார்.

பயிரே வேண்டாமாம். அந்தப் பெண்கள் பிறகு எதைச் சாப்பிடுவது, வயரையா?

மார்ச் 7
றொய்சன் என்னைக் கட்டிய புருசன்தான், ஆனால் அண்ணையின் பக்கம். "உமக்கு எஞ்சினியர் லைசன்ஸ் எடுக்கக் கையெழுத்து வைச்ச மனிசன். செய்நன்றி எண்டு ஒண்டு இருக்கு."

இருக்கிறது. அதற்காக ஊரான் வயலை எடுத்துக் கொடுக்க முடியுமா? மாட்டேன். மாட்டேன்தான்.

மார்ச் 9, ஞாயிறு
தேவாலயப் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் ஜூலியன் அண்ணைக்குக் கைகூப்பினேன். கை மட்டும்தான்.

மார்ச் 11
அண்ணை என்னை இங்கே பக்கத்து ஊர் விட்பியில் ஒரு வீட்டுக் கூரையில் தகடு பூட்டும் வேலைக்கு மாற்றிவிட்டார். தண்டனையாம். கென்யா வேலைக்கு வேறு எஞ்சினியரைத் தேடுகிறார்கள்.

அச்சியெங்கிடம் நடந்தது எல்லாம் சொன்னேன். என் மூன்று மீற்றர் படத்தையும் அனுப்பினேன். குழு சம்மதிக்காமல் அந்த நிலத்தில் ஒரு குழியும் தோண்ட முடியாது, ஒப்பந்தம் அப்படி. வேலை போனால் போகட்டும் – பயமாகத்தான் இருக்கிறது. போகட்டும்.

மார்ச் 24
அங்கே மழை தொடங்கிவிட்டது. பெண்கள் வயல் முழுக்க அவரை விதைத்துவிட்டார்கள்! என் படத்தில் கம்பம் வரும் இடங்களை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறார்கள். உயரக் கம்பத்தோடு வந்தால் இடம் இருக்கிறது, மற்றபடி பயிரை மிதித்துத்தான் வர வேண்டும், நாங்கள் வயலில்தான் நிற்போம் என்று அச்சியெங் கம்பனிக்கே சொல்லிவிட்டார். ஒஃபிஸில் வாய்விட்டுச் சிரித்தேன். ஜூலியன் அண்ணை கண்ணாடிக் கதவைச் சாத்தினார்.

ஏப்ரல் 3, வியாழன்
காலையில் ஜூலியன் அண்ணையே என் மேசைக்கு வந்தார். கையில் புதுப் படம். கம்பம் மூன்று மீற்றர்.

"உம்மட ஆக்கள் சரியான பிடிவாதம். முத்திரையைக் குத்தும்."

"முதல் அச்சியெங் பாக்கட்டும் அண்ணை. அவ ஓம் எண்டால் குத்துறன்."

படத்தை அனுப்பினேன். அங்கே பின்னேரம், அச்சியெங் வயலில் நிற்பார், பதில் வரச் சுணங்கும் என்றேன். அண்ணை திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.